சங்கிலி சரிதானா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. தோட்டத்தில் பெங்களூரா மாமரங்கள் பிஞ்சு பிடித்துவிட்டன. காற்று அடிக்காமல் இருந்தால் இந்த வருஷம் நல்ல காய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. புனேயில் உன்னோடு வேலை செய்கிற பையன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டதாகச் சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "கடவுள் இருக்கிறார்னு எப்படித் தெரியும்? பைபிள் சொல்லுது. பைபிள் சரின்னு எப்படித் தெரியும்? அது கடவுள் சொன்னது. செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுத்துறீங்க. பைபிளை மூடி வச்சுட்டு நடுநிலையா நின்னு பேசு, பார்க்கலாம்." நீ பதில் சொல்லாமல் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாய். என்னிடம், "அப்பா, நாம நிஜமாவே வட்டத்துக்குள்ளதான் சுத்துறோமா?" என்று கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அப்போது எங்களிடம் பழைய 66 அடி சங்கிலி இருந்தது. 100 லிங்க், அதாவது 100 கண்ணி கொண்டது. தம்பியின் பங்கு பத்திரப்படி ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். நான் அளந்தால் 98 சென்ட்தான் வந்தது. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி அளந்தேன், 98. வெயிலில் மூன்றாவது தடவையும் அளந்தேன், அதே 98. "மூணு தடவை அளந்தாச்சு, இனி என்ன பேச்சு?" என்று அதட்டினேன். அந்த மனுஷர் மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "சார், சங்கிலி சரியான்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

இரண்டு வாரம் கழித்து, சங்கிலி சரிபார்க்க நட்டு வைத்திருக்கும் இரண்டு கல்லுக்கு நடுவே அதை நீட்டிப் பார்த்தோம். ஒரு லிங்க் நீளம் கூடியிருந்தது. எப்போதோ ரிப்பேர் பார்த்தபோது வளையம் கூடுதலாகக் கோத்திருக்கிறார்கள், தேய்மானமும் சேர்ந்துகொண்டது. நூற்றுக்கு ஒன்று நீளம் கூடினால் பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு குறைந்து காட்டும். அந்தச் சங்கிலியால் முந்நூறு தடவை அளந்திருந்தாலும் 98தான் வந்திருக்கும். திரும்பிப் போய் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லைக் கல்லை மாற்றி நட்டேன்.

உன் நண்பன் கேட்ட கேள்விக்கு நான் பதில் தேட ஆரம்பிக்கும் இடம் இந்தத் தோப்புதான் கண்ணு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சங்கிலி இருக்கிறது. எதை உண்மை என்று ஒப்புக்கொள்வது, எதை ஆதாரம் என்று எண்ணுவது, எது நடக்கக்கூடியது, எது நடக்கவே நடக்காது என்பதையெல்லாம் அளந்து பார்ப்பதற்கு முன்பே நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். இதைத்தான் முன்அனுமானம் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது நமக்குப் பழகிப்போய்விடும். கிராமத்தில் வயலை அளக்கும்போது பூமி தட்டை என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் கணக்குப் போட்டோம். சின்ன இடத்துக்கு அது போதும். 1802ல் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 7.5 மைல் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு அளந்து, நாட்டையே அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார சர்வேயருக்கு அது போதவில்லை. பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்துத்தான் அவர் முக்கோணம் போட்டார். 1804ல் பெங்களூரு பக்கம் இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்க்கவும் செய்தார். நாங்கள் முப்பது வருஷம் புலப்படம் (நில வரைபடம்) போட்டோம், தட்டை என்று வைத்துக்கொண்டதை ஒருநாளும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நடுநிலையா நின்னு பேசு" என்கிறான் அந்தப் பையன். அவன் நிற்கிற இடம் எது? கண்ணால் கண்டதையும் ஆராய்ச்சியில் நிரூபித்ததையும் மட்டுமே நம்பலாம் என்பது அவன் சங்கிலி. இந்த வாக்கியத்தை எந்த ஆராய்ச்சியில் நிரூபித்தார்கள்? யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. வேதத்தை மூடு என்று கேட்கும்போதே, வேதம் இல்லாமலும் உலகத்தை அளந்துவிடலாம் என்ற முடிவை அவன் எடுத்தாகிவிட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்டான் என்று நான் சொல்லவில்லை. அவன் தன் சங்கிலியைப் பார்த்ததில்லை, நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

இதை எனக்கு விளங்க வைத்தவர் கொர்னேலியஸ் வான்டில் என்பவர். ஓசூரில் இருந்தபோது ஒரு போதகர் அவருடைய பாடங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் படித்தேன். அவர் 1895ல் நெதர்லாந்தில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பத்து வயதில் அமெரிக்காவின் இண்டியானாவுக்கு வந்தார். 1929ல் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்து, 1972 வரை அங்கேயே பாடம் நடத்தினார். அவருடைய எழுத்து கரடுமுரடானது, ஒரே விஷயத்தை நாலு பக்கம் சுற்றிச் சொல்வார். ஆனால் அவர் பிடித்த பிடி உடும்புப்பிடி. விசுவாசியும் அவிசுவாசியும் சேர்ந்து நிற்கப் பொதுவான வெற்று நிலம் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு அடி நிலமும் கர்த்தருடையது என்பார். இருவருக்கும் பொதுவாக இருப்பது, இருவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பதும், ரோமர் 1ஆம் அதிகாரம் சொல்வதுபோல இருவருக்கும் உள்ளுக்குள் தேவனைத் தெரியும் என்பதும்தான்.

அவர் பிறந்த அதே 1895ல் நம் கிருஷ்ணகிரிக்கு தியோடர் நேதர் என்ற லூத்தரன் மிஷனரி வந்தார். அதற்கு முன்னால் அவர் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். வேதம் முழுவதும் தேவனால் அருளப்பட்டதா என்ற விஷயத்தில் அவர்களோடு ஒத்துப்போகாமல் பிரிந்து, அமெரிக்க லூத்தரன் சபையின் மூலமாக இங்கே வந்தார். வேலை, சம்பளம், பழகிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவர் நம் ஊருக்கு வந்து, 1904ல் பிளேக் நோயில் இறந்தும் போனார். எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்பது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. அது வெறும் புத்தகப் பேச்சு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, வட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உண்டு என்று ஒப்புக்கொள் பாப்பா, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவனும் சுற்றுகிறான் என்பதையும் பார். இந்த மரங்கள் வைகாசியில் பழம் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன். ஏன்? போன வருஷம் கொடுத்தன, அதற்கு முந்தின வருஷமும் கொடுத்தன. நேற்று நடந்தது போலவே நாளையும் நடக்கும் என்று யார் சொன்னது? "இதுவரை அப்படித்தானே நடந்திருக்கு" என்றால், நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் காட்டுகிறோம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நம் சபைக்காரர் யாரும் இல்லை. சந்தேகவாதி என்று பேர் எடுத்த டேவிட் ஹியூம், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கே அதற்கு விடை கிடைக்கவில்லை, பழக்கம்தான் நம்மை நம்ப வைக்கிறது என்று சொல்லிவிட்டார். விஞ்ஞானம் முழுக்க நிற்பது அந்த நம்பிக்கையின்மேல்தான். நமக்கோ அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை" என்று நோவாவின் நாளில் வாக்குக் கொடுத்தவர் இருக்கிறார். அந்த வசனத்தைப் படிக்காதவனும் அந்த வாக்கின்மேல்தான் விதை விதைக்கிறான்.

என் சங்கிலி உவமை ஒரு இடத்தில் போதாமல் போகும். சங்கிலியைச் சரிபார்க்க இரண்டு கல் இருந்தது. கடைசிக் கல்லைச் சரிபார்க்க அதற்கு மேலே இன்னொரு கல் இருக்குமா? இருந்தால் இது கடைசிக் கல் இல்லையே. புத்தியை மட்டும் நம்புகிறவன் புத்தி நம்பகமானது என்று புத்தியைக் கொண்டுதான் காட்டியாக வேண்டும். எபிரெயர் நிருபத்தில், தேவன் ஆபிரகாமுக்கு ஆணையிடும்போது தம்மிலும் பெரியவர் ஒருவருமில்லாதபடியால் தமது நாமத்தைக்கொண்டே ஆணையிட்டார் என்று வாசிக்கிறோமே, வருஷக்கணக்கில் அதை ஒரு அலங்காரப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். வான்டிலைப் படித்த பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலானவர் வேறு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

அப்படியானால் சான்றுகளே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். காலியான கல்லறை, கண்ட சாட்சிகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் படித்து வை, உன் நண்பன் கேட்டால் எடுத்துக் காட்டு. ஆனால் சான்று மட்டும் மனதை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்காதே. மத்தேயு 28ல் கல்லறையைக் காவல்காத்த சேவகர்கள் பூமி அதிர்ந்ததையும் தூதன் இறங்கியதையும் கண்ணால் கண்டவர்கள். காசு வாங்கிக்கொண்டு, சீஷர்கள் திருடிப்போனார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இயேசு சொன்ன ஐசுவரியவான் கதையில் ஆபிரகாம் அவனிடம் சொன்னதும் இதுதான்: "மோசேக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் செவிகொடாவிட்டால், மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்துபோனாலும், நம்பமாட்டார்கள்." செத்தவர் எழும்பவே மாட்டார் என்ற சங்கிலியால் அளக்கிறவனுக்கு எந்தச் சான்றும் 98 சென்ட்தான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ பெரியவளாகிவிட்டாய், எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால், கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நாட்களில், மலையோரக் கிராமம் ஒன்றில் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம் அளக்கப் போனோம். என்னோடு சங்கிலி பிடிக்கிற செயின்மேன் அண்ணன். உனக்குத் தெரியுமே, கறுப்புச் சட்டை போடுவார், சாமி இல்லை என்பார், வேலையில் ஒரு லிங்க் பிசகமாட்டார். ஒரு வீட்டின் புழக்கடை வழியாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்க் கம்பி குத்தப் போனார். சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி எழுந்து ஓடிவந்து, "அங்க மட்டும் கம்பி குத்தாதீங்க சாமி" என்றாள். அந்த இடத்தில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. ஒரு முறம் அளவு இடம். மேலே சாணி மெழுகியிருந்தது. வீட்டுக்குள்ளே தலைக்குத் துணி கட்டிய ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தொட்டில் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்து, பிறகு தருமபுரிக்கும் விரிவாக்கியது எதற்காக என்று உனக்குத் தெரியும்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த களியை நான் நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டு, கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து அழுதார். நான் ஜெபம் பண்ணினேன். ஆனால் அன்றைக்கு அந்தக் குழந்தைக்காக என்னைவிட அதிகம் அழுதவர் சாமி இல்லை என்று சொன்ன அவர்தான்.

அவிசுவாசிக்கு நல்லது கெட்டது தெரியாது என்று யாராவது சபையில் பேசினால் எனக்குப் பொறுக்காது. தெரியும், சில சமயம் நம்மைவிட நன்றாகவே தெரியும். வான்டிலும் தெரியாது என்று சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றுதான் அவர் கேட்டார். உலகம் வெறும் மண்ணும் தண்ணீரும் தற்செயலும் என்றால், அந்த ஒரு முறம் அளவு மண்ணுக்கும் பக்கத்து மண்ணுக்கும் என்ன வித்தியாசம்? பல வருஷம் கழித்து, கோபமெல்லாம் ஆறின ஒரு சாயங்காலம், அண்ணனிடம் இதைக் கேட்டேன். "மனுஷன்னா மனுஷன்தான் சார், அதுக்குக் காரணம் வேற வேணுமா?" என்றார். "அண்ணே, அதுதான் உங்க கல்லு. நிரூபிக்காம ஏத்துக்கிட்டீங்க. கல்லு சரியான கல்லுதான், என் கல்லும் அதுதான். யார் நட்டதுன்னு மட்டும் யோசிங்க" என்றேன். தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார் என்று ஆதியாகமத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். இன்று வரை சபைக்கு வரவில்லை.

கோபம் ஆறின பிறகு என்று எழுதினேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் நான்தான். புதிதாகப் படித்த சூட்டில், ஒருநாள் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவரை மடக்கினேன். அமெரிக்காவில் 1985ல் கிரெக் பான்சன் என்பவர் கார்டன் ஸ்டைன் என்ற நாத்திகரோடு பல்கலைக்கழகத்தில் வாதம் செய்து, தர்க்க விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். அதே கேள்வியை நான் அண்ணனிடம் கேட்டு, அவர் பதில் தேடும்போது சிரித்தேன். அவர் எழுந்து போனார். மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. வேதத்தில் நமக்குக் கொடுத்த கட்டளையில் "உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதை விட்டுவிட்டேன். அந்த மூன்று வருஷத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உன் நண்பன் கெட்டிக்காரன் என்றால் இப்படிக் கேட்பான்: "இதே பேச்சை வேற மதத்துக்காரனும் தன் புத்தகத்தை வச்சுப் பேசலாமே?" இது கனமான கேள்வி. நம் பக்கத்திலேயே ஸ்ப்ரோல் போன்ற இறையியலாளர்கள் 1984ல் ஒரு புத்தகம் எழுதி, தேவன் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பது சரி, ஆனால் மனுஷன் அறிந்துகொள்வது அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை என்று வான்டிலை மறுத்தார்கள். வான்டிலின் பதில், ஒவ்வொரு கல்லிலிருந்தும் அளந்துகொண்டே போய்ப் பார், கிறிஸ்தவ அடித்தளத்தை எடுத்துவிட்டால் அளப்பது என்ற வேலையே நிற்காது என்பது. நீதிமொழிகள் 26ல் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று ஒரு வசனமும், கொடு என்று அடுத்த வசனமும் இருக்கிறதல்லவா, வான்டில் வழிக்காரர்கள் அதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் சங்கிலியை உன் சங்கிலியாக ஆக்கிக்கொள்ளாதே. பிறகு, வாதத்துக்காக மட்டும் அதை வாங்கி அளந்து, எங்கே போய் முட்டுகிறது என்று காட்டு. மூடன் என்ற வார்த்தையை மட்டும் உன் நண்பன்மேல் போடாதே. எனக்கு வான்டில் சொன்னது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. ஆனால் அந்தக் கடைசிப் படி, வேறு எந்தக் கல்லும் நிற்காது என்பது, ஒரு சாப்பாட்டு நேரத்தில் காட்டி முடிக்கிற காரியம் இல்லை. ஒவ்வொருவரோடும் பொறுமையாக, அவர் எல்லை வரை நடந்து பார்க்க வேண்டும். அதனால் ஜெயித்துவிட்டேன் என்று ஒருபோதும் சொல்லாதே. இருதயத்தைத் திறப்பது பரிசுத்த ஆவியானவருடைய வேலை. பவுல் அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் பேசியபோதே சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், தியொனீசியுவும் தாமரியும் இன்னும் சிலரும் விசுவாசித்தார்கள்.

உனக்கு மூன்று வயதில், தருமபுரிக்குப் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலோரம் கேட்டு நான் தராததால் என் மடியில் உட்கார்ந்துகொண்டே என் கன்னத்தில் பளார் பளார் என்று அடித்தாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்னால் படித்தபோது, வான்டிலும் ரயிலில் அப்படி ஒரு குழந்தை தன் அப்பாவை அடித்ததைப் பார்த்து, அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. மடியில் உட்கார்ந்திருந்தால்தானே கை கன்னத்துக்கு எட்டும் என்று அவர் சொன்னதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு உன்னை நான் இறக்கிவிடவில்லை. விழுந்துவிடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பையனிடம் திரும்பிப் போய்ப் பேசு. அன்றைக்கு எழுந்து போனதற்கு வருத்தம் சொல். பிறகு, "நீ எதை நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறாய்?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேள். அவன் சொல்வதை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு உன் கல்லைச் சொல். வேதத்தை மூடாதே, திறந்து வைத்துக்கொண்டே பேசு.

வைகாசியில் லீவு கிடைத்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா. மல்கோவா மரம் ஒன்றை வீட்டுக்கென்று விட்டு வைத்திருக்கிறோம். செயின்மேன் அண்ணன் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் வருகிறார். அவரும் அவனும் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் உட்கார்ந்து பேசலாம். வரும் தேதி முன்கூட்டியே சொன்னால் ஓசூருக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா புளி இடித்து வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா
கிருஷ்ணகிரி